ஒன்பது கிலோமீட்டர் இறக்கம்

அன்று காலை அந்த மலைப்பாதையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஓய்வுபெற்ற ஓவர்சியர், அவர் மனைவி, அவருடைய தம்பி, அவருடைய ஒரே மகன், மகனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்த மருமகள். ஆறாவதாக யாரும் இல்லை. பின்னால் வேன் எதுவும் வரவில்லை. கண்ணால் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிற மற்றவர்கள் எல்லாம் அன்று அவரவர் வீட்டில் இருந்தவர்கள்.

ஓவர்சியர் முப்பத்தாறு வருஷம் பாலங்களையும் மதகுகளையும் மேற்பார்த்தவர். அவர் கையெழுத்து விழுந்த பாலம் ஒன்றுகூட இதுவரை விரிசல் விட்டதில்லை. வீட்டிலும் அதே மேற்பார்வைதான். கேஸ்காரர் மாட்டிவிட்டுப் போன ரெகுலேட்டரை, அவர் தெருமுனை திரும்புவதற்குள் கழற்றித் தன் கையால் மறுபடி மாட்டுவார். தச்சர் முடுக்கிய கீலை ஒருமுறை தளர்த்தி முடுக்குவார். எந்த வேலையும் அவர் கைபட்ட பிறகே முடிந்ததாக அர்த்தம். வீட்டில் யாரும் இதைக் குறையாக நினைத்ததில்லை. குழாய் ஒழுகினாலும் பல்பு எரியாவிட்டாலும், சரிசெய்ய ஆள் வந்து போன பிறகு, "அப்பா பாத்துட்டாரா?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள்.

மருமகள் சைக்கிள் மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்பே எட்டு வருஷம் ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தவள். இப்போதும் இரண்டு பஸ் மாறி அங்கேதான் போய்வருகிறாள். வீட்டின் முன் அறையைக் கடையாக்கிக்கொள்ளலாமா என்று ஆறு மாதத்துக்கு முன் மாமனாரிடம் கேட்டிருந்தாள். அந்த அறையில் அவருடைய பழைய வரைபடங்களும் கோப்புகளும் உத்தரம் வரை அடுக்கியிருந்தன. அவர் உடனே மறுக்கவில்லை. "மலைக்குப் போறதா பேசிக்கிட்டிருக்கோமே, அஞ்சு வண்டியையும் நீயே தயார் பண்ணு. மூணு நாள் ஒழுங்கா போய் வரட்டும். அப்புறம் பேசுவோம்" என்றார்.

அது பரீட்சை என்று அவளுக்குப் புரிந்தது. பழைய சைக்கிள் சட்டங்களாகத் தேடிப்பிடித்து, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக உட்கார்ந்து, ஐந்து வண்டிகளையும் கட்டினாள். வீட்டில் எல்லோரும் சைக்கிளில்தான் வளர்ந்தவர்கள். ஓவர்சியர் வேலைத்தலங்களுக்குச் சைக்கிளில் போன காலத்தில் மேம்பாலங்களே கிடையாது. அவர் மனைவி நாற்பது வருஷம் தையல் மெஷின் மிதித்தவள். அந்தக் கால்களுக்கு ஏற்றம் ஒரு பொருட்டே இல்லை.

அவர்கள் கிளம்பிப் போன மலைப்பாதையில் பழைய ஊர்கள் எல்லாம் குன்றுகளின் உச்சியில் போய் உட்கார்ந்திருந்தன. சுற்றிலும் மதில், உள்ளே நுழைய ஒரே வாசல், கற்கள் பதித்த குறுகலான தெரு, நடுவில் ஒரு கிணறு.

"அந்தக் காலத்து ஆளுங்களுக்கு எதிரி பயம். மேல ஏறி உக்காந்துக்கிட்டாங்க. அதுக்கு நாம எதுக்குடா மூச்சு வாங்கணும்?" என்று கேட்டார் தம்பி. அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை அவருக்கு. வேலை நேரத்தில் வாயே திறக்கக் கூடாது என்பதால் மீதி நேரம் முழுக்கப் பேசுவார். ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"பேசாம மிதிங்க சித்தப்பா. நாலு நிமிஷம் லேட்" என்றான் மகன். அவன் பேருந்து நிலையத்தில் நேரக் கண்காணிப்பாளன். எந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தான்.

மாமியார் ஐம்பது கஜம் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"அண்ணி! மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க! இங்க நூல் அறுந்துபோச்சு!" என்று கத்தினார் ரேடியோ.

ஓவர்சியர் எந்தப் பழைய பாலத்தையும் சும்மா கடந்து போகவில்லை. இறங்கி, அடியில் குனிந்து, வளைவின் நடுக்கல்லைத் தடவிப் பார்ப்பார். "கட்டினவன் யோக்கியன்" என்பார். ஒரே ஒரு பாலத்தில் மட்டும் ஒன்றும் சொல்லாமல் ஏறி வந்தார். அதில் எல்லோரையும் இறங்கித் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார்.

இரண்டாம் நாள் காலை மூடுபனி. சக்கரங்களின் ரிம்மெல்லாம் நனைந்து, அதில் சாலைத் தூசி ஒட்டிக்கொண்டது. ஒரு மதில் வாசலுக்குள் நுழையும்போது ரேடியோ முன் பிரேக்கைப் பிடித்தார். கீச்சென்று எழுந்த சத்தம் வளைவுக்குள் சுற்றிச் சுற்றி அடித்தது. மேல் மாடியில் ஒரு பெண்மணி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

"இன்னைக்குத்தான் ஸ்டேஷன் கிடைச்சிருக்கு" என்றார் ரேடியோ.

"ஈரத்துல தூசி ஒட்டியிருக்கு சின்ன மாமா. ரெண்டு இறக்கம் போனா தானா நின்னுடும். என் பின் பிரேக்கும் அப்படித்தான் கத்துது" என்றாள் மருமகள்.

ஓவர்சியர் குனிந்து அந்தப் பிரேக்கைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அன்று சாயங்காலம் ஒரு பழைய தானியக் கிடங்கை விடுதியாக்கிய இடத்தில் தங்கினார்கள். மருமகள் ஈரத்துணிகளை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார்.

"ஏம்மா, அந்த அலன் கீ இருக்கா? அஞ்சு நம்பர். ரூம்ல நாற்காலி ஆடுது."

போல்ட் திருப்புகிற அந்த வளைந்த சாவியை எடுத்துக் கொடுத்தாள். விருந்தாளியாகத் தங்குகிற இடத்திலும் நாற்காலியை விடமாட்டேன் என்கிறாரே என்று சிரிப்பு வந்தது. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் காவல் கோபுரம் வரை ஏறினார்கள். அங்கிருந்து அடுத்த மதில் ஊர் வரை இறக்கம். பிரேக் சத்தம் போடவில்லை. ரேடியோ அதைக்கூடச் சொல்லிக் காட்டினார். "பாத்தியா, உன் மாமனார் முறைச்ச முறைப்புல பிரேக்கே வாயை மூடிக்கிச்சு."

ஊருக்கு அரை கிலோமீட்டர் முன்னால் பாதை சட்டென்று இடதுபுறம் வளைகிறது. வளைவின் வெளிப்பக்கம் முட்செடி வேலி, அதற்கப்பால் சரிவு. மருமகள் ரேடியோவுக்குப் பின்னால் இருபது கஜத்தில் வந்துகொண்டிருந்தாள். அவர் முன் பிரேக்கைப் பலமாகப் பிடிப்பது தெரிந்தது. கறுப்பாக ஏதோ இரண்டு துண்டு முன்னால் தெறித்துப் பறந்தது. பிறகு இரும்பு இரும்போடு உராயும் சத்தம். அவர் பின் பிரேக்கை இறுக்க, பின் சக்கரம் வழுக்கிக்கொண்டே போய், வண்டியும் ஆளும் வேலிக்குள் விழுந்தார்கள். வேலி அடர்த்தியாக இருந்ததால் சரிவுக்குப் போகவில்லை.

அவரைத் தூக்கி உட்காரவைத்தார்கள். வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டு, முகம் வெளுத்துப் போய், "தோள்... தோள்ல என்னமோ சொடக்குன்னுச்சு" என்றார். மாமியார் தன் சால்வையைக் கிழித்துக் கையைக் கழுத்தோடு கட்டினாள். தையல்காரி கட்டிய கட்டு. அசையவில்லை.

மருமகள் வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்த்தாள்.

பிரேக் கட்டை ஒரு சின்ன உலோகக் கூட்டில் செருகியிருக்கும். கூட்டின் ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை திறந்திருக்கும். மூடிய முனைதான் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஓடும் ரிம் கட்டையை முன்னால் இழுக்கும்போது அந்த முனைதான் தாங்கிப் பிடிக்கிறது. இடதுபக்கக் கூட்டை வலதிலும் வலதுபக்கத்ததை இடதிலும் மாட்டிவிட்டால் திறந்த முனை முன்னால் வந்துவிடும். லேசாகப் பிடிக்கும்வரை ஒன்றும் தெரியாது. பலமாகப் பிடித்தால் கட்டை வழுக்கிக்கொண்டு வெளியே போய்விடும்.

இரண்டு கூடுகளும் இடம் மாறி இருந்தன.

ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கி முடித்ததும் அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுப்பது அவள் வழக்கம். போல்ட் திரும்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பெரிய கடையில் எட்டு வருஷம் செய்த வழக்கம் அது. இந்த இரண்டு போல்ட்டிலும் கோடு உடைந்திருந்தது.

நாற்காலி ஆடுகிறது என்று கேட்டு வாங்கியது அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

"என்ன ஆச்சு?" என்று கேட்டான் கணவன்.

"கூடு மாறியிருக்கு. இடமும் வலமும்."

"மாட்டினது நீதானே?"

அவள் நிமிர்ந்தாள். மாமனார் தம்பியின் பக்கத்தில் மண்டியிட்டு, அவர் காலணியிலிருந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். முள் எடுபடவில்லை. உடைந்த எதையும் கையில் எடுத்துப் பார்க்காமல் விடாத மனிதர், வண்டியின் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் வண்டில ஏறாதீங்க. தள்ளிக்கிட்டே போவோம்" என்றாள்.

மதில் ஊரில் ஒரு சின்ன மருத்துவமனை இருந்தது. இரண்டு அறை, ஒரு பெஞ்சு, சுவரில் எலும்புக்கூட்டின் படம். டாக்டரம்மா தோளை அழுத்திப் பார்த்துவிட்டு, கழுத்தெலும்பு முறிந்திருக்கிறது, விலகவில்லை, ஆறு வாரம் கட்டோடு இருந்தால் சேர்ந்துவிடும் என்றாள். மதியம் இரண்டு மணி பஸ்ஸில் கீழே இருக்கும் நகரத்துக்குப் போய் எக்ஸ்ரே படம் எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

"வாயில ஒண்ணும் முறியலையே டாக்டர்?" என்று கேட்டார் ரேடியோ.

"அது நல்லா இருக்கு."

"அப்ப சரி."

வெளியே பெஞ்சில் மாமியார் மருமகளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை.

"மனசைப் போட்டு அலட்டிக்காதே. எனக்கும் ஆரம்பத்துல கழுத்தைத் தப்பா வெட்டி, ஒரு கல்யாணத் துணியே வீணாப் போயிருக்கு. மனுஷங்கன்னா கை தப்பும்."

"அத்தை..."

"ஆனா ஒண்ணு சொல்றேன், கேளு. கடை வேணாம்மா. துணி தப்பினா துணியோட போச்சு. இது உயிர். இன்னைக்கு நம்ம வீட்டு ஆளு, பொறுத்துக்கிட்டாரு. நாளைக்கு ஊரான் புள்ள விழுந்தா நம்ம வாசல்ல வந்து நிப்பாங்க. அந்தப் பேரு நமக்கு வேணாம்."

மறுத்துச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் நாற்பது வருஷமாக இந்த அம்மாள் நம்பிக்கொண்டிருக்கிற ஒருவரைப் பற்றியது. கணவன் எதிரே சுவரில் சாய்ந்து, தன் நேரக் காகிதத்தை மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தான். அவனும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளை எழுப்பிவிட்டது.

மாமனார் மருத்துவமனைக்குப் பின்னால், ஊர்ப் பெண்கள் துணி துவைக்கும் கல்தொட்டியருகே நின்றுகொண்டிருந்தார். கையைக் கழுவிக்கொண்டிருந்தார். நகக்கண்களில் கறுப்பு போகவில்லை.

"மாமா, அலன் கீயைக் குடுங்க."

பைக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு அவள் நகரவில்லை.

"எந்தெந்த வண்டியைத் தொட்டீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். நாற்காலி கதையை அவர் மறுபடி எடுக்கவில்லை. அந்த அளவுக்கு அவர் கீழே இறங்குகிறவர் இல்லை.

"அவனோட முன்னாடி. உன்னோட பின்னாடி. ரெண்டும்தான் சத்தம் போட்டுச்சு. கழட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு மாட்டினேன். அதுல இடது வலதுன்னு இருக்கறது எனக்குத் தெரியாது."

காலையிலிருந்து அந்தப் பின் பிரேக்கை நம்பித்தான் அவளும் இறங்கி வந்திருக்கிறாள். பழக்கத்தில் முன் பிரேக்கையே அதிகம் பிடித்ததால் தப்பினாள்.

"வேற எதையும் தொடலையே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இன்னும் ஒன்பது கிலோமீட்டர் இறக்கம் இருக்கு."

"இல்ல."

"சரி." அலன் கீயைக் கைக்குள் மூடிக்கொண்டாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மாமா. ஆனா நான்தான் தப்பா மாட்டினேன்னு ஒத்துக்கவும் மாட்டேன். யார் கேட்டாலும், நான் மாட்டினது சரிதான்னு மட்டும் சொல்வேன். மிச்சத்தை அவங்க நம்பினா நம்பட்டும், நம்பாட்டிப் போகட்டும்."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமலே நின்றாள்.

ஓவர்சியர் அப்போது என்ன நினைத்தார் என்று அவர் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. கைக்குட்டையை எடுத்துக் கையைத் துடைத்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "உள்ள வா" என்றார்.

மருத்துவமனை அறைக்குள் போய், தம்பியின் கட்டில் அருகே நேராக நின்றார். மேலதிகாரி முன் அறிக்கை கொடுக்கிறவர் நிற்பது போல நின்றார். டாக்டரம்மா வெளியே போகப் பார்த்தாள். "நீங்களும் இருங்க" என்றார்.

"நேத்து சாயங்காலம் ஆறரை மணிக்கு, தம்பி வண்டியோட முன் பிரேக்கையும் இவ வண்டியோட பின் பிரேக்கையும் கழட்டி மாட்டினது நான். சாவி வாங்கறதுக்குப் பொய் சொன்னேன். இடத்தை மாத்தி மாட்டிட்டேன். இவ மாட்டினது சரியா இருந்தது. விழுந்ததுக்குக் காரணம் நான்தான். இவ இல்ல."

அடுத்த அறையில் குழாய் சொட்டுவது கேட்டது.

ரேடியோதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்படின்னா இந்தத் தோளு ஓவர்சியர் கையெழுத்துப் போட்ட தோளா அண்ணா? முப்பத்தாறு வருஷத்துல இதுதான் முதல் விரிசலு."

"சும்மா இருடா" என்றார் ஓவர்சியர். தம்பியின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டார்.

மாமியார் கணவரை மேலும் கீழும் பார்த்தாள். "நான் தைச்சுக் குடுத்த சட்டைல பொத்தானைப் பிச்சுத் திரும்பத் தைச்சீங்களே, அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். வாயை மூடிக்கிட்டிருந்தது என் தப்பு." பிறகு மருமகளிடம் திரும்பினாள். அந்த அம்மாளுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. "நான் சொன்னதைக் காதுல போட்டுக்காதே. எந்திரிச்சுப் போய் உன் பின் பிரேக்கைப் பாரு முதல்ல."

மகன் மனைவியின் பின்னாலேயே வெளியே வந்தான். "நான் கேட்டிருக்கக் கூடாது" என்றான்.

"கேட்டது தப்பில்ல. கேட்டுட்டு அப்புறம் சுவத்துல சாஞ்சு நின்னே பாரு, அதுதான்."

"இனிமே நிக்க மாட்டேன்."

"காகிதத்துல எழுதி வெச்சுக்கோ. நேரத்தோட."

இரண்டு மணி பஸ் இரண்டு மணி ஏழு நிமிஷத்துக்கு வந்தது. மகன் ஓட்டுநரிடம் அந்த ஏழு நிமிஷத்தைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் ஏறினான். சித்தப்பாவை ஜன்னலோரம் உட்காரவைத்து, இரண்டு சைக்கிள்களைக் கூரைமேல் கட்டினார்கள். பஸ் மதில் வாசலைக் கடக்கும்வரை ரேடியோவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஓட்டுநருக்குப் பிரேக் கட்டையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

மீதி மூன்று வண்டிகளை மருமகள் கிணற்றுமேடையில் சாய்த்து வைத்துப் பிரித்தாள். மாமனார் தொடவில்லை என்று சொன்னவற்றையும் பிரித்தாள். அவர் சொல்லை அவள் சந்தேகிக்கவில்லை. அது அவள் வேலை. கூடுகளை மாட்டி, முடுக்கி, சிவப்புக் கோடு இழுத்தாள். ஓவர்சியர் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தன் வண்டியை முடித்துவிட்டு அவருடையதை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் கை தானாகப் போல்ட்டின் பக்கம் போயிற்று. பாதி வழியில் நிறுத்தி, ஹேண்டில்பாரைப் பிடித்தார்.

"அந்த முன் ரூம்ல இருக்கறதையெல்லாம் எங்க கொண்டு போய் வைக்கறது?" என்றார்.

"மாடியில பரண் இருக்கே மாமா."

"பரண் தாங்குமா? அவ்வளவும் காகிதம். கனம்."

"ஓவர்சியர் நீங்க. நீங்கதான் சொல்லணும்."

"தாங்கும்" என்றார் யோசித்துவிட்டு. "ஒரு முட்டு குடுத்தா தாங்கும்."

மாமியார் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டிருந்தாள்.

அவர்கள் ஊர் திரும்பிய பிறகு இதைப் பற்றிப் பலரும் பலவிதமாகப் பேசினார்கள். ரேடியோ ஆறு வாரம் கட்டோடு தெருவில் உட்கார்ந்திருந்தால் பேச்சு வராமல் இருக்குமா? மாமனார் குட்டு வெளிப்பட்ட பிறகு, மருமகள் அவரை வண்டியில் ஏறவிடாமல் அந்த இறக்கம் முழுவதும் தள்ளிக்கொண்டே நடக்கவைத்தாள் என்று ஒரு கதை இப்போதும் உலவுகிறது. அது பொய். ஓவர்சியர் ஓர் அடிகூட நடக்கவில்லை. ஒன்பது கிலோமீட்டரும் சைக்கிளில்தான் இறங்கினார். பிரேக்கை மாட்டியவள் மருமகள். அதை அவர் கழற்றிப் பார்க்கவில்லை.